மாதிரிப் பை

என் தங்கையும் மாப்பிள்ளையும் அந்த ஊரில் குடியேறியபோது, கட்டில் வருவதற்கு முன்னால், கேஸ் இணைப்பு வருவதற்கு முன்னால், கழிவு ஒழுங்கு அலுவலகத்திலிருந்து ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. தொண்ணூற்றாறு பக்கம், வழவழ அட்டை. ஏழு தொட்டிகளில் எதை எதைப் போடலாம் என்று பத்தொன்பது பக்கம். எதைப் போடக்கூடாது என்று எழுபது பக்கம். மீதி ஏழு பக்கம் இயக்குநரின் வாழ்த்துரை.

மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் ஒரு விளக்கடியில் உட்கார்ந்து பல் செய்து கொடுப்பார். ஒரு தலைமுடி அகலம் கூடினாலும் அதைப் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது. அப்படிப்பட்ட வேலையில் பதினாறு வருஷம் இருந்தவருக்குப் புத்தகத்தைப் பார்த்து பயம் வரவில்லை. பென்சிலால் கோடு போட்டு இரண்டே நாளில் படித்து முடித்தார்.

"இதுல ஒண்ணும் கஷ்டம் இல்லை மச்சான். யாரோ பொறுமையா உக்காந்து எழுதியிருக்காங்க. நாமளும் பொறுமையா படிச்சா முடிஞ்சுது" என்று என்னிடம் போனில் சொன்னார்.

கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் என் தங்கைக்கு இடித்தது. ஓராண்டுக்குள் மூன்று சிவப்புச் சீட்டு வாங்கும் வீடு, ஒழுங்குள்ள வேறொரு குடும்பத்துக்கு மாற்றித் தரப்படும். அது நகராட்சிக் குடியிருப்பு. அதற்கு எழுதிப் போட்டுவிட்டு மூன்று வருஷம், நாலு குடும்பத்துக்கு ஒரே குளியலறை இருந்த ஒரு இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். இப்போது சொந்தமாக ஒரு குளியலறை, ஒரு பால்கனி, அது வழியே சமையலறைக்கு வரும் வெயில். அவள் ஓர் ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். வேலையிலிருந்து வந்ததும் முதலில் அந்த வெயிலில் ஐந்து நிமிஷம் நிற்பாளாம்.

முதல் செவ்வாய்க்கிழமை கீழே வைத்த பைகளில் ஒன்று, அன்று பிற்பகலே திரும்பி மேலே வந்துவிட்டது. கூடவே வெள்ளைக் கையுறை போட்ட ஓர் உயரமான ஆசாமி. தாழ்வாரத்தில் ஒரு துணியை விரித்து, பையைத் திறந்து, இடுக்கியால் ஒரு பொருளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அந்த ஊர் மொழியில்தான் பேசினார். தங்கை சொன்னதைக் கேட்டு நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இது என்ன?"

"டீ பை" என்றார் மாப்பிள்ளை.

"எதுல போட்டீங்க?"

"காய்கறித் தோல் போடுற தொட்டியில. டீத்தூள் செடியிலேருந்துதானே வருது."

"டீத்தூள் வருது. இந்த நூல் எங்கேருந்து வருது? நூல் நாலாம் தொட்டி. நுனியில இருக்கிற காகிதம் ரெண்டாம் தொட்டி. ரெண்டையும் சேர்க்கிற கம்பி அஞ்சாம் தொட்டி. அந்தப் பை என்ன ரகம்னு எங்க ஆய்வுக்கூடத்துல இன்னும் முடிவாகலை. அதுவரைக்கும் நீங்க டீ குடிக்காம இருக்கிறது நல்லது."

கதவில் சிவப்புச் சீட்டை ஒட்டினார். போகும்போது ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க மனுஷங்களைப் பாக்குறதே இல்லை. பையை மட்டும்தான் பாக்குறோம்."

என் தங்கை அவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர் வைத்தாள். மாப்பிள்ளை டீயை விட்டார்.

சீட்டு ஏழு நாள் கதவில் இருக்க வேண்டும், எட்டாம் நாள் வீட்டுக்காரரே அகற்ற வேண்டும் என்பது விதி. எட்டாம் நாள் மாப்பிள்ளை அதை நகத்தால் பக்குவமாக உரித்து, காகிதம்தானே என்று இரண்டாம் தொட்டிப் பையில் போட்டார். செவ்வாய்க்கிழமை சீட்டுக்காரர் இடுக்கியோடு வந்துவிட்டார். சீட்டின் பின்பக்கம் பசை. பசை பட்ட காகிதம் காகிதம் ஆகாது. முதல் சீட்டைத் தப்பான தொட்டியில் போட்டதற்காக இரண்டாம் சீட்டு ஒட்டப்பட்டது.

"அப்போ சிவப்புச் சீட்டை எந்தத் தொட்டியில போடுறது? புத்தகத்துல எங்கேயும் இல்லையே" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"ஒழுங்கா இருக்கிற வீட்டுக்கு அந்த விவரம் தேவைப்படாது" என்றார் சீட்டுக்காரர்.

இரண்டு சீட்டு வாங்கினவர்கள் நாலு சனிக்கிழமை பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். ஒரு பள்ளிக்கூட அறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க இருபது பெரியவர்கள், முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பயிற்சி தந்த அம்மா ரொம்ப அன்பானவர். "குப்பைங்கிறது நீங்க இந்த ஊருக்கு வாரா வாரம் எழுதுற கடிதம். அதுல எழுத்துப்பிழை இருந்தா எங்களுக்கு மனசு வலிக்கும்" என்று கண் கலங்கச் சொன்னார்.

கடைசி நாள் தேர்வு. ஆளுக்கொரு உடைந்த குடையைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அன்றுதான் முகத்தில் களை வந்ததாம். கைவேலை அல்லவா. பதினான்கு நிமிஷத்தில் துணி தனி, கம்பி தனி, பிடி தனி, சுருள்கம்பி தனி, ஏழு திருகாணியும் ஒரு வரிசையாகத் தனி என்று பிரித்து வைத்துவிட்டார். சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பயிற்சி அம்மா பூஜ்யம் போட்டார்.

"குடையை எந்தத் தொட்டியில போடணும்னுதான் கேள்வி. அதைப் பிரிக்கச் சொல்லலையே. அது நகராட்சிச் சொத்து."

"எந்தத் தொட்டிங்க?"

"எதுலயும் போட முடியாது. குடையை வீட்டுலயே வச்சுக்கணும்."

அதற்குப் பிறகு மனிதர் பாதியாகிவிட்டார். இன்னும் ஒரு சீட்டு வந்தால் வீடு போய்விடும். கடையில் ஒரு பொருளை எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, மேலே என்ன சுற்றியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். பிஸ்கட் நின்றது. பல் விளக்கும் பசையைக் கடைசி மூச்சுவரை பிதுக்கினார். காலி டப்பாக்களைக் கழுவித் துடைத்து பால்கனியில் அடுக்கினார்கள், கீழே கொண்டு போகத்தான் இருவருக்கும் தைரியம் வரவில்லை. என் தங்கை நிற்கும் வெயிலைத் தயிர் டப்பாக்கள் மறைத்துக்கொண்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பக்கத்து ஊரில், ரயிலில் நாற்பது நிமிஷத் தூரத்தில், ஒரு செருப்புக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். மாப்பிள்ளை சக்கரம் வைத்த பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து என் மனைவிக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கண்ணா, நாலு நாள் தங்கப் போறீங்களா?"

மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தனியே அழைத்தார். "மச்சான், உங்க ஊர்ல குப்பைக்கு எத்தனை தொட்டி?"

"ஒண்ணு."

"எல்லாத்துக்கும் ஒண்ணா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். ஒரு மாதக் குப்பை, மடித்து, அடுக்கி, கல்யாணத்துக்குப் போகிற துணிமாதிரி இருந்தது. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "இந்த டப்பாவெல்லாம் என் பாத்திரத்தைவிட சுத்தமா இருக்கே அண்ணா, நாலு எடுத்துக்கட்டுமா?" என்றாள். எடுத்துக்கொண்டாள். மீதியை நானும் அவரும் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தோம். அன்று எங்கள் வீட்டில் அவர் மூன்று டம்ளர் டீ குடித்தார்.

அப்புறம் ஞாயிறு தவறாமல் வருவார்கள். பெட்டி கொள்ளாத டப்பாக்கள் பால்கனியிலேயே காத்திருக்கும். தங்கைக்கு மட்டும் உறுத்தல். "அண்ணா, நாம பண்றது திருட்டுத்தனம் இல்லையா?" என்பாள். "நம்ம பொருளைத்தானேம்மா கொண்டு வர்றோம், யார் பொருளையும் தூக்கலையே" என்று நான் சொல்வேன்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் சீட்டுக்காரர், பையும் இடுக்கியும் இல்லாமல், ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"உங்க வீட்டுக் கணக்கைப் பார்த்தோம். இருபத்திரெண்டு வாரமா எடை பூஜ்யம். ஒரு கிராம்கூட இல்லை."

என் தங்கை, வீடு போயிற்று என்றே நினைத்தாள். "அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"பேசாதீங்க. இயக்குநரே கேட்டுட்டு எழுந்து நின்னுட்டார். இந்த ஊரோட வரலாற்றுலயே குப்பை இல்லாத வீடு உங்களோடதுதான்."

அவர்களுக்கு 'மாதிரி வீடு' என்று பட்டம் கொடுக்க விழா எடுத்தார்கள். உறவினர் என்ற முறையில் மூன்றாவது வரிசையில் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். இயக்குநர் நல்ல பேச்சாளர்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல மூணு தொட்டி இருந்துது. அலுவலகத்துல ஆறு பேர் இருந்தோம். இன்னைக்கு ஏழு தொட்டி, நாற்பத்தொரு பேர். குப்பை குறைஞ்சிருக்கான்னு சில பேர் கேக்குறாங்க. குறையலை. ரெண்டு மடங்கு ஆயிருக்கு. ஆனா அன்னைக்கு அது எங்களுக்குத் தெரியாம இருந்துது. இன்னைக்கு ஒவ்வொரு கிராமும் எங்களுக்குத் தெரிஞ்சே கூடிட்டிருக்கு. இதைத்தான் நாங்க முன்னேற்றம்னு சொல்றோம்."

பலத்த கைதட்டல். பிறகு மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்து, இதன் ரகசியம் என்ன என்று கேட்டார். மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லை. மென்று முழுங்கிவிட்டு, "எல்லாம் எங்க மச்சான் தயவு" என்றார்.

"குடும்பம்" என்றார் இயக்குநர் தழுதழுத்த குரலில். "பாத்தீங்களா? குடும்பம்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன், வேறென்ன செய்ய.

முன் வரிசையில் ஒரு வயதான அம்மா மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்கு நேர் கீழ்வீடு. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர். இருபத்திரெண்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறார், ஒரு சீட்டுகூட வாங்கியதில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த மேடையில் அவர்தான் நின்றிருக்க வேண்டும். அவர் முகத்தில் பொறாமை துளியும் இல்லை. அதைப் பார்த்ததும் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மாதிரி வீடு, மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக, வாரம் ஒரு மாதிரிப் பையாவது கீழே வைக்க வேண்டும். அதைப் படம் எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவார்கள். தப்பிக்க வழியில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் இருவரும் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மூன்றாம் தொட்டிக்கான பையில் நாலு தயிர் டப்பாவைப் போட்டார்கள். பதற்றத்தில் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். மூடி ஐந்தாம் தொட்டி என்று முப்பத்தோராம் பக்கத்திலேயே இருக்கிறது.

மறுநாள் சீட்டுக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் அசையாமல் நின்றதைத் தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் கை தன்னால் சட்டைப்பையிலிருந்த சிவப்புச் சீட்டுக்குப் போயிற்று. பிறகு திரும்பி வந்தது. யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து பையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் புத்தகத்தின் திருத்திய பதிப்பு வந்தது. தயிர் டப்பாவை இனி மூடியோடுதான் போட வேண்டும்.

மாதிரி வீடு தப்பு செய்ய முடியாது என்றால், தப்பு செய்திருப்பது புத்தகமாகத்தான் இருக்க வேண்டும். அலுவலகத்தில் நாற்பத்தொரு பேரும் கூடி ஏகமனதாக எடுத்த முடிவு அது. மாப்பிள்ளைக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில், "அந்த மூடி விஷயம் எனக்கு ஆரம்பத்துலேருந்தே சரியா படலை மச்சான்" என்று கால்மேல் கால் போட்டுச் சொன்னார்.

அந்தத் தலைக்கனம் மூன்று நாள்தான் இருந்தது. புதன்கிழமை கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் தங்கை திறந்தாள். கீழ்வீட்டு அம்மா நின்றிருந்தார். கையில் ஒரு தயிர் டப்பா, இன்னொரு கையில் அதன் மூடி.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க விஷயம் தெரிஞ்சவங்க, அதான் கேக்கலாம்னு வந்தேன். மூடியைத் தனியாத்தான் போட்டேன். கழுவித்தான் போட்டேன். என் கதவுல சீட்டு ஒட்டிட்டாங்க. எனக்கு வயசாயிடுச்சா? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

மாப்பிள்ளை பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். தங்கை அந்தம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. டப்பாவின்மேல் மூடியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"நீங்க எதுவும் தப்பு பண்ணலை" என்று சொல்லி, தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெட்டி, ரயில், என் ஊர்த் தொட்டி, எல்லாம். அந்தம்மா கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. "அப்போ எனக்கு வயசாகலை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த ஒரு வார்த்தைதான் மாப்பிள்ளையைக் குத்தியது. வீடு போனாலும் போகட்டும் என்று முடிவு செய்து, சாட்சி சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு மறுநாள் இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் மேஜைக்கு அடியில் ஒரு கூடை இருந்தது. அதில் வாழைப்பழத் தோல், காகிதம், பிளாஸ்டிக் டம்ளர், பேனா எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அது அலுவலக உபயோகம்" என்றார். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "உங்க நேர்மையை மதிக்கிறேன். ஆனா மாதிரி வீடு தன்மேல தானே புகார் கொடுக்க எங்ககிட்ட படிவம் இல்லை."

"வெள்ளைத் தாள்ல எழுதித் தர்றேங்க."

"யோசிச்சுப் பாருங்க. திருத்தின புத்தகம் பதினோராயிரம் அச்சாகியிருக்கு. நீங்க சொல்றது உண்மைன்னு ஆயிட்டா அத்தனையும் குப்பை. வழவழ அட்டை, பசை, கம்பி. பிரிக்கவே முடியாத குப்பை. நீங்களே இந்த ஊருக்கு அதைப் பண்ணலாமா?"

"அப்போ அந்தம்மாவோட சீட்டு?"

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "தப்பு பண்றவங்களால எங்களுக்குத் தொல்லையே இல்லை. பயத்துல வாராவாரம் புத்தகத்தைத் திறந்து பாத்துடுவாங்க. சரியா பண்றவங்கதான் பாக்குறதில்லை. அவங்களுக்கு ஒரு சீட்டு நல்லதுதான்."

தங்கை வீட்டுக்குத் திரும்பினோம். நடந்ததைக் கேட்டுக்கொண்டே தங்கை தரையைத் துடைத்தாள்.

"நாம என்ன வைக்கிறோமோ அதுதானே இப்போ விதி?" என்றாள்.

"ஆமா" என்றார் மாப்பிள்ளை.

"அப்போ அந்தம்மாவையே நம்ம பையைக் கட்டச் சொல்லுவோம்."

திங்கட்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா மூக்குக்கண்ணாடியும் மேலங்கியுமாக வந்தார். கடிதம் பிரித்த கை. பத்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. மூடி தனி, டப்பா தனி. மறுநாள் சீட்டுக்காரர் பையைத் திறந்தவர், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம். "திரும்பவும் பழையபடியா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு, போனை எடுத்தார். பத்து நாளில் மூன்றாம் பதிப்பு வந்தது. கீழ்வீட்டு அம்மாவின் சீட்டு, வருத்தக் கடிதத்தோடு திரும்பப் பெறப்பட்டது. டப்பாக்களெல்லாம் மாதிரிப் பையில் கீழே போக, பால்கனி காலியாயிற்று. தங்கை மறுபடி வெயிலில் நிற்கத் தொடங்கினாள்.

காரியம் முடிந்த பிறகும் அந்தம்மா திங்கட்கிழமை தவறாமல் மேலே வந்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை எனக்கு விடுமுறை, நானும் அங்கே இருந்தேன். சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து அந்தம்மா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஒரு காலி மீன் டின் கைக்கு வந்தது. பையில் போடப் போனவர் நிறுத்தினார்.

"என் கதவுல சீட்டு ஒட்டினப்போ மூணாம் மாடிக்காரர் படியில நின்னு சிரிச்சார்" என்றார்.

டின்னைக் கையில் திருப்பிப் பார்த்தார்.

"அவர் நாய்க்கு டின் தீனிதானே வாங்குறார்?"

"ஆமா, தினமும் ரெண்டு டின்" என்றாள் தங்கை.

அந்தம்மா டின்னைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். பாதி வந்தது, பாதி பசையோடு அப்பிக்கொண்டது. அவர் விடவில்லை.

"இனிமே பசை கொஞ்சம்கூட இருக்கக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார். பல் மெழுகு சுரண்டுகிற சின்னக் கத்தியை எடுத்துவந்து, துடைத்து, அந்தம்மா கையில் கொடுத்தார்.